வெள்ளத்துக்குப் பிறகு பூர்வகுடிகளின் வீடுகளைக் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 பிப்ரவரி 28 அன்று ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்ள லிஸ்மோர் நகரில் ஆறு 14.4 மீட்டருக்கு ஏறியது, முந்தைய பெருவெள்ளங்களைவிடச் சுமார் 2 மீட்டர் அதிகம். அதே வெள்ளம் கீழே ரிச்மண்ட் ஆற்றுக்குள் இருக்கும் கேபேஜ் ட்ரீ தீவையும் மூழ்கடித்தது. அங்கே பல தலைமுறைகளாக வாழ்ந்த பன்ஜலங் பூர்வகுடிக் குடும்பங்கள் உடுத்திய துணியோடு வெளியேறினார்கள். பழைய இடத்திலேயே வீடுகளைத் திரும்பக் கட்டித் தருவதாக அரசு சொன்னது, வேலையும் ஆரம்பித்தது. அப்புறம் 2023இல், தீவில் வெள்ள அபாயம் மிக அதிகம் என்று ஆய்வு சொல்ல, வேலை நின்றுபோனது. அதற்குள் ஒரு வருடத்துக்கு மேல் தற்காலிக வீடுகளில் காத்திருந்த மக்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

முதல் தவறு இதுதான், வரிசையை மாற்றிச் செய்வது. தண்ணீர் எவ்வளவு உயரம் வரும், எவ்வளவு வேகத்தில் வரும், வெளியேற எத்தனை மணி நேரம் கிடைக்கும், வெளியேறும் சாலை எந்த மட்டத்தில் மூழ்கும் என்ற நான்குக்கும் பதில் கையில் இல்லாமல் அஸ்திவாரம் தோண்டக் கூடாது. வாக்குறுதியும் தரக் கூடாது.

அதற்காக, ஆபத்தான இடம் என்று வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டுவிட்டு, எல்லோரையும் நகரத்து ஓரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் தவறுதான், என்னைக் கேட்டால் இன்னும் பெரிய தவறு. ரிசர்வ் (அரசு ஒதுக்கிய குடியிருப்பு), மிஷன் (தேவாலயக் குடியிருப்பு) என்ற பெயரில் அடைத்துவைத்ததும் துரத்தியதுமாக இந்த மக்களை அரசாங்கம் இடம் மாற்றிய வரலாறு நீளமானது. மூதாதையரைப் புதைத்த மண், மீன் பிடிக்கும் துறை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஆகவே இடம் மாறுவதா வேண்டாமா என்பதை மூத்தவர்களும் குடும்பங்களும், ஆய்வு முடிவுகளைப் புரியும் மொழியில் கேட்டு, நேரம் எடுத்து, அவர்களே முடிவு செய்ய வேண்டும். ஒரே நாள் கூட்டம் போட்டுக் கையெழுத்து வாங்குவதைக் கலந்தாலோசனை என்று சொல்ல முடியாது. இரவில் தங்க மேட்டில் வீடு, பகலில் போய்வரவும் விழா நடத்தவும் பழைய இடம் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளும் வழியும் உண்டு, யாராவது கேட்டால்தான் அது பேச்சுக்கு வரும்.

அடுத்தது பணம். வெள்ள நிவாரணத் திட்டங்கள் பெரும்பாலும் தனி வீட்டுக்காரரை மனதில் வைத்து எழுதப்படுகின்றன. நியூ சவுத் வேல்ஸில் பூர்வகுடிச் சமூகங்களின் பல வீடுகள் 1983ஆம் ஆண்டின் நில உரிமைச் சட்டப்படி அமைந்த உள்ளூர் நில மன்றங்களின் பெயரில் இருக்கின்றன, குடியிருப்பவர் வாடகைதாரர். உன் பெயரில் பத்திரம் இருக்கிறதா என்று கேட்கும் படிவம் இங்கே உதவாது. நில மன்றத்தோடு முதல் வாரமே உட்கார்ந்து பேசுங்கள்.

சரி, கட்டுமானத்துக்கு வருவோம். அவசரத்தில் நடக்கும் மோசமான வேலை, ஈரச் சுவரை மூடுவது. வெள்ளத்தில் நனைந்த ஜிப்சம் போர்டை ஒரு முழ உயரத்துக்கு வெட்டிப் பாருங்கள்: வெளியே பெயின்ட் காய்ந்து நன்றாகவே இருக்கும், உள்ளே வெப்பம் தடுக்க வைத்த பஞ்சு சேற்றைக் குடித்துத் தொங்கும், கட்டையின் மேல் கறுப்பாகப் பூசணம் படர்ந்திருக்கும். மரச்சட்டம் காய்ந்ததா என்பதைக் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லாதீர்கள், ஈரமானி வைத்துப் பார்த்த பிறகே மூடுங்கள். பூசணம் ஆஸ்துமா உள்ள குழந்தைகளை இரவெல்லாம் இரும வைக்கும். திரும்பக் கட்டும்போது மரத்தூள் பலகையில் சமையலறை அலமாரி வேண்டாம், ஒருமுறை நனைந்தால் ரொட்டி மாதிரி ஊதிவிடும். சிமென்ட் ஷீட், கெட்டி மரம், கழுவிவிடக்கூடிய தரை போதும். பிளக் பாயின்டுகளையும் மெயின் போர்டையும் உயரே ஏற்றுங்கள்.

வீட்டின் அளவிலும் தவறு நடக்கும். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் என்று கணக்குப் போட்ட வீட்டில் பாட்டி, சித்தி பிள்ளைகள், ஊரிலிருந்து வந்த உறவினர் எல்லாம் சேர்ந்தால் ஒரே கழிவறை என்ன ஆகும்? பாலைவனப் பகுதிகளிலும் வடமேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியிலும் பல சமூகங்களில் வழக்கப்படி மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் வரக் கூடாது, அதனால் இரண்டாவது வாசல் ஆடம்பரம் ஆகாது. ஒருவர் இறந்தால் அந்த வீட்டைக் கொஞ்ச காலம் காலி செய்துவிடும் வழக்கமும் உண்டு, அந்தக் குடும்பம் போய்த் தங்க ஓர் உபரி வீடு கணக்கில் இருக்க வேண்டும். பெரிய வராந்தாவும் வெளி அடுப்பும் சிக்கனம் என்ற பெயரில் முதலில் வெட்டப்படும், விட்டுவிடாதீர்கள்.

கிம்பர்லி என்றதும் அங்குள்ள ஃபிட்ஸ்ராய் கிராசிங் என்ற சிற்றூர் நினைவுக்கு வருகிறது. 2023 ஜனவரியில் எல்லி புயலின் மழையில் அங்கே ஆறு 15.81 மீட்டர் தொட்டது, நெடுஞ்சாலைப் பாலம் உடைந்தது. புதிய பாலம் அதே டிசம்பரில் திறந்தாயிற்று, ஆனால் ஆற்றோரச் சமூகங்களின் வீடுகள் அந்த வேகத்தில் எழவில்லை. அங்கே மழைக்காலத்தில் சாலைகள் மூடிவிடும். வறண்ட மாதங்களுக்குள் சாமான் வந்து இறங்காவிட்டால் ஒரு வருடம் போயிற்று. தற்காலிகம் என்று கொண்டுவந்து வைக்கும் கேபின் வீடுகளில் மக்கள் எத்தனையோ வெயிலைக் கழிக்க வேண்டிவரும், ஆகவே அதிலும் நிழலும் துணி துவைக்க இடமும் வேண்டும்.

கடைசியாக, பூர்வகுடிகளே வீட்டைப் பாழாக்குகிறார்கள் என்ற பேச்சு. 1980களில் தென் ஆஸ்திரேலியாவின் பிட்ஜன்ட்ஜட்ஜாரா பகுதியில் தொடங்கிய ஹெல்த்ஹாபிடாட் குழு, பிறகு ஆயிரக்கணக்கான வீடுகளில் குழாய் குழாயாக, ஸ்விட்ச் ஸ்விட்சாகச் சோதித்தது. பழுதுகளில் குடியிருப்பவர்கள் கெடுத்தது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. பெரும்பங்கு பராமரிப்பு இல்லாததால், மீதி முதலிலேயே மோசமாகக் கட்டியதால். எனவே ஒப்பந்ததாரரிடம் சாவியை வாங்குமுன் ஷவரைத் திறந்து சுடுதண்ணீர் வருகிறதா, அந்தத் தண்ணீர் தேங்காமல் வடிகிறதா என்று பாருங்கள். அந்த ஊர் இளைஞர்கள் இரண்டு மூன்று பேருக்காவது கட்டும்போதே பிளம்பிங் வேலை கற்றுக்கொடுத்துச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் குழாய் ஒழுகினால் 400 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஆள் வரக் காத்திருக்க வேண்டியதில்லை.