மாற்றுத்திறனாளிகள் அரசு வேலையிலும் உதவியிலும் கோட்டைவிடும் இடங்கள்

அடையாள அட்டை கையில் இருந்தால் 4 சதவீத ஒதுக்கீட்டில் எந்த அரசு வேலைக்கும் போட்டியிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அந்த 4 சதவீதத்தைப் பிரித்தே வைத்திருக்கிறது. பார்வைக்கு 1, செவித்திறனுக்கு 1, கை கால் இயக்கக் குறைபாட்டுக்கு 1, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து 1. எந்தப் பணிக்கு எந்த வகையினர் தகுதி என்பது அறிவிப்பாணையில் இருக்கும், ‘ஓ.எல்.’ என்றால் ஒரு கால், ‘ஓ.ஏ.’ என்றால் ஒரு கை பாதிக்கப்பட்டவர். அதைப் படிக்காமல் விண்ணப்பித்துவிட்டுச் சான்றிதழ் சரிபார்ப்பில் திரும்பி வருவது வீண் அலைச்சல்.

சான்றிதழில் ஊனத்தின் சதவீதத்தைக் கூட்டிப் போடச் சொல்லி மருத்துவரிடம் கெஞ்சவும் வேண்டாம். ஒதுக்கீட்டுக்கு 40 சதவீதம் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் கூடுதல் மதிப்பெண் எதுவும் கிடையாது. மோசடி செய்து சலுகை பெற்றால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம் என்று அதே சட்டம் சொல்கிறது.

தேர்வில் நீங்கள் சொல்லச் சொல்ல விடை எழுதித்தரும் எழுதுநர் வேண்டுமென்றால் விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள். தேர்வு நாளில் கேட்டால் நடக்காது. 40-க்குக் கீழே என்பதால் எழுதுநர் கிடையாது என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். எழுத முடியாத நிலை உண்மையாக இருந்தால் 40 சதவீதம் கட்டாயமில்லை என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மருத்துவச் சான்று மட்டும் கட்டாயம் தேவை.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறப்பதும் சாதாரணமாக நடக்கிறது. “அங்கிருந்து யாருக்கு வேலை வருகிறது?” என்ற சலிப்பு புரிகிறது. ஆனால் தமிழ்நாட்டில் வேலையற்ற மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை அந்தப் பதிவை வைத்துத்தான். மற்றவர்கள் பதிந்து 5 ஆண்டு காத்திருக்க வேண்டும், இவர்களுக்கு 1 ஆண்டு போதும். பதிவு காலாவதியானால் அந்தத் தொகையும் கைவிட்டுப் போகும்.

என் கணக்கில் மிகப் பெரிய தவறு, வேலையில் இருக்கும்போது விபத்திலோ நோயிலோ ஊனமுற்றவர் ராஜினாமா கடிதம் கொடுப்பது. “இனி உங்களால் பேருந்து ஓட்ட முடியாதே, எழுதிக் கொடுத்துவிடுங்கள்” என்று மேலதிகாரி ஆறுதலாகத்தான் சொல்லுவார். வீட்டிலும் சரி என்பார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி ஊனமுற்றதற்காக அரசு நிறுவனம் ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படி ஓர் இடம் இல்லையென்றால், இடம் கிடைக்கும் வரையிலோ ஓய்வு பெறும் வயது வரையிலோ கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி அதில் வைத்திருக்கலாம். சில பணிகளுக்கு அரசு விலக்கு அளித்திருக்கிறது, தனியார் நிறுவனங்களை இந்த விதி கட்டுப்படுத்தாது. அரசுப் போக்குவரத்துக் கழகம், மின்வாரியம், நகராட்சி போன்றவை இதற்குள் வரும்.

ஆகவே ராஜினாமாவுக்குப் பதில் மாற்றுப் பணி கேட்டு ஒரு மனு எழுதுங்கள். மருத்துவச் சான்றின் நகலை இணைத்து, ஒப்புகை வாங்கிக்கொண்டு கொடுங்கள். பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் அந்த ஒப்புகையோடு முறையிடலாம்.