"அவரையும் கூப்பிட்டுப் பேசலாம்" என்று சொல்வதற்கு முன்

போன வாரம் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயனுக்கு (தொழிலாளர் வீட்டு வரிசை) வீட்டில் அடிபடும் பெண்ணுக்கு உதவப் போய்வந்த இரண்டு புதுத் தன்னார்வலர்கள் சந்தோஷமாகச் சொன்னார்கள்: "அக்கா, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் உட்கார வெச்சுப் பேசிட்டோம். இனிமே அடிக்க மாட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டார்." எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே தவறை நானும் செய்தவள். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பவர்களுக்காக இதை எழுதவில்லை. நல்ல மனதோடு வருகிறவர்கள் தவறுவதைத்தான் எழுதுகிறேன்.

கணவனையும் கூப்பிட்டுப் பேசுவது

நான் அந்தத் தவறைச் செய்த அன்று என்னிடம் வந்தவர் கொழுந்து பறிக்கும் பெண். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. உள்ளே ரேஷன் கார்டு, ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், மூன்றும் ஒரு பழைய துணியில் சுற்றி இருந்தன. வீட்டைவிட்டு வரத் துணிந்துதான் வந்திருக்கிறார் என்று அந்தப் பையே சொன்னது. எனக்குத்தான் புரியவில்லை. கணவரை வரச் சொன்னேன். "தம்பி, இனிமே கை வைக்காதப்பா" என்றேன். "சரிங்கக்கா" என்றார். அவர் பார்வை என் மேல் இல்லை, பையின் மேல் இருந்தது. அந்தப் பெண் வாயே திறக்கவில்லை, டீயையும் தொடவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அனுப்பிவைத்தேன்.

அன்று ராத்திரியே பையோடு எல்லாம் அடுப்புக்குள் போனது. அவருடைய வலது மணிக்கட்டும் முறிந்தது. கொழுந்து பறிக்கிறவருக்குக் கை போனால் கூலியும் போச்சு. பக்கத்து லயன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதன் பிறகு அவர் என்னிடம் வரவே இல்லை.

இது இரண்டு பேர் சண்டை இல்லை. ஒருவர் அடிக்கிறார், ஒருவர் அடி வாங்குகிறார். எதிரெதிரே உட்கார வைத்தால் அடி வாங்குகிறவர் வாய் அடைத்துப்போகும். வெளியே சொல்லிவிட்டார் என்பதும் கணவருக்குத் தெரிந்துவிடும். பிரிந்துபோகப் பார்க்கிறாள் என்று தெரியும் நேரத்தில்தான் ஆபத்து அதிகம்.

அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசுங்கள். "இன்னிக்கு வீட்டுக்குப் போனா என்ன ஆகும்?" என்று கேளுங்கள். கழுத்தை நெரித்ததுண்டா என்றும் கேளுங்கள். உண்டு என்றால் உயிருக்கே ஆபத்து. கார்டு, சான்றிதழை எல்லாம் நம்பிக்கையான ஓர் இடத்தில் வைக்க உதவுங்கள். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி, போலீஸ் கேஸ் இல்லாமலே இதற்கென்றே அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலர் வழியாக மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். வீடு அந்தப் பெண்ணின் பேரில் இல்லாவிட்டாலும் அங்கே வசிக்கும் உரிமை உண்டு. வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். எதுவும் புரியவில்லையா, பெண்கள் உதவி எண் 181க்குப் போன் போடுங்கள்.

திருப்பிக் கூப்பிடுவது

எந்த நேரத்தில், யார் என்று சொல்லிக் கூப்பிடலாம் என முதலிலேயே கேட்டுவையுங்கள். போனை எடுப்பது கணவராகவும் இருக்கலாம்.

"முதல்ல ஸ்டேஷன்"

பாலியல் வன்முறை என்றால் முதலில் ஆஸ்பத்திரி. எஃப்ஐஆர் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. தனியார் ஆஸ்பத்திரியும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். கூடலூரிலிருந்து ஊட்டிக்குச் சுமார் 50 கிலோமீட்டர், எல்லாம் மலைப்பாதை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் காலையில் போகலாம் என்று காத்திருக்காமல், பக்கத்தில் இருப்பதற்கு உடனே கூட்டிப்போங்கள். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோங்கள். புகாரை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம்.

18 வயதுக்குக் கீழ் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி நீங்கள் தகவல் தெரிவித்தே ஆக வேண்டும். அதனால் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று குழந்தையிடம் சத்தியம் செய்யாதீர்கள்.

வாட்ஸ்அப் குழுவில் போட்டோ, பெயர்

வேண்டாம்.

"ஏன் இன்னும் அவனோட இருக்கே?"

கேட்காதீர்கள்.

அந்தத் தன்னார்வலர்கள் "இப்ப என்னக்கா பண்றது?" என்றார்கள். வீட்டுப் பக்கம் போக வேண்டாம் என்றேன். நேற்று கொழுந்து நிறுக்கும் இடத்தில், மற்றவர்கள் நகர்ந்த பிறகு, அவர்களில் ஒருத்தி அந்தக் கோத்தகிரிப் பெண்ணிடம் தனியாகக் கேட்டிருக்கிறாள், என்ன வேண்டும் என்று. "என் ரேஷன் கார்டு அவர்கிட்ட இருக்கு" என்றாராம். இப்போது அதிலிருந்து தொடங்கியிருக்கிறோம்.