புதிய டாக் வாங்குமுன் இலக்க இணைப்புகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி

இலக்கத் (டிஜிட்டல்) தரவாக உள்ள இசையை ஆம்ப்ளிஃபையர் ஏற்கும் அனலாக் மின்னலையாக மாற்றும் டாக்கை, அதாவது இலக்க-அனலாக் மாற்றியை, புதிதாக வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் அதனுள் எந்தச் சிப் இருக்கிறது, அளவீடுகள் எப்படி வந்திருக்கின்றன என்பதையே முதலில் விசாரிக்கிறார்கள். பின்புறத்தில் என்னென்ன சாக்கெட்டுகள் உள்ளன என்பதைக் கருவி வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. கவனமாக வடிவமைக்கப்பட்ட இன்றைய டாக்குகளுக்கு இடையிலான வேறுபாடுகள் மிக நுண்மையானவை. பொருந்தாத இணைப்பினால் எழும் ரீங்காரமும் பாட்டின் நடுவே விழும் வெட்டுகளும் யார் காதுக்கும் எட்டுபவை.

ஆகவே எந்தெந்தக் கருவியிலிருந்து இசை கேட்கிறோம் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். கணினி, சிடி பிளேயர், தொலைக்காட்சி, இணைய இசையை இயக்கும் ஸ்ட்ரீமர் என ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதில் உள்ள இலக்க வெளியீடு எது, அது அதிகபட்சம் எத்தனை கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை ஆயிரம் ஒலி மாதிரிகள்) தரும், அதை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறோம் என்பதையும் குறித்துக்கொள்ளலாம். கோஆக்சியல் (செப்புக் கம்பி) வெளியீடு கொண்ட கருவிகள் இரண்டு இருந்தால் டாக்கிலும் அதே வகை உள்ளீடுகள் இரண்டு வேண்டும், அல்லது தனியாக ஒரு ஸ்விட்ச் வேண்டும். அனலாக் கேபிள்களைப் போல ஒரு இணைப்பான் போட்டு இரண்டு இலக்க வெளியீடுகளை ஒரே உள்ளீட்டில் சேர்த்துவிட முடியாது.

பட்டியல் தயாரான பிறகு ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு கேள்விகளால் சோதிக்க வேண்டும். மாதிரிகள் எந்த நொடியில் ஒலியாக மாற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கிளாக் யார் கையில் இருக்கிறது என்பது ஒன்று. இரு கருவிகளுக்கும் இடையே மின்சாரம் பாயும் பாதை உண்டா என்பது மற்றொன்று. இணைப்புகளைப் பற்றி நடக்கும் நீண்ட விவாதங்களில் பெரும்பகுதி இந்த இரண்டுக்குள் அடங்கிவிடுகிறது.

சோனியும் பிலிப்ஸும் வகுத்த எஸ்பிடிஐஎஃப் என்னும் இலக்க ஒலி இணைப்பு முறையில் ஒலித்தரவும் கிளாக்கும் ஒரே சமிக்ஞையில் கலந்தே வருகின்றன. அனுப்பும் கருவிதான் தாளத்தைத் தீர்மானிக்கிறது. டாக் அதைப் பிரித்தெடுத்துப் பின்தொடர வேண்டும். அனுப்பும் பக்கத்தில் நேரம் சற்றே தடுமாறினால் அந்தத் தடுமாற்றம், அதாவது ஜிட்டர், டாக்கின் வாசலுக்கும் வந்து சேரும். பழைய டாக்குகளில் இது கவலைக்குரிய விஷயமாக இருந்தது. இப்போது வரும் நல்ல கருவிகளின் உள்ளீட்டுச் சுற்றுகள் ஜிட்டரைப் பெருமளவு வடிகட்டிவிடுகின்றன என்பதால், இதை மட்டுமே காரணமாகக் காட்டி இந்த முறையை ஒதுக்குவது நியாயமாகாது.

இந்தத் தரவைச் செப்புக் கம்பியில் அனுப்புவது கோஆக்சியல். பெரும்பாலான கருவிகளில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை இது சிரமமின்றிச் செல்லும். கேபிளின் மின்தடுப்பு 75 ஓம் ஆக இருப்பதுதான் முக்கியம். பழைய வீடியோ கருவிகளோடு வந்த மஞ்சள் நிற ஆர்சிஏ கேபிளும் 75 ஓம் வகையைச் சேர்ந்ததே. சேதமில்லாமல் இருந்தால் அதையே தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். இரு பக்கமும் திருகிப் பூட்டும் பிஎன்சி சாக்கெட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், ஏனெனில் ஆர்சிஏ முனை வடிவமைப்பிலேயே சரியான 75 ஓம் கொண்டதல்ல. கோஆக்சியலின் குறை, இரு கருவிகளின் எர்த்தும் கம்பி வழியே இணைந்துவிடலாம் என்பதுதான். உள்ளீட்டில் சிறு டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத் தடுத்திருக்கும் டாக்குகளில் இந்தச் சிக்கல் இல்லை; வாங்குமுன் விவரக்குறிப்பில் இதைத் தேடிப் பார்ப்பது பயனுள்ளது.

ஆப்டிகல் என்று நாம் சொல்லும் டாஸ்லிங்க் இணைப்பைத் தோஷிபா நிறுவனம் 1983-இல் அறிமுகப்படுத்தியது. அதே தரவு இங்கே சிவப்பு ஒளியாக ஒரு பிளாஸ்டிக் இழையில் செல்கிறது. மின் தொடர்பே இல்லை என்பதால் கணினி அல்லது தொலைக்காட்சியிலிருந்து வரும் எர்த் ரீங்காரத்துக்கு இதைவிட எளிய மருந்து கிடையாது. 96 கிலோஹெர்ட்ஸ் வரை இதை நம்பலாம். 192 என்று குறிப்பிடப்பட்டிருந்தாலும் எல்லாக் கருவிகளும் எல்லாக் கேபிள்களும் அந்த வேகத்தில் வெட்டில்லாமல் ஓடுவதில்லை. கேபிளைக் கூர்மையாக மடிக்கக் கூடாது, செருகும்முன் முனையில் உள்ள பாதுகாப்பு மூடியை எடுத்துவிட வேண்டும். ஒலி வராதபோது டாக் பக்கத்து முனையைக் கழற்றிப் பார்த்தால், சிவப்பு வெளிச்சம் தெரிகிறதா என்பதைக் கொண்டு பழுது எந்தப் பக்கம் என்று உடனே அறியலாம்.

கணினியில் இசை கேட்பவர்களுக்கு யூஎஸ்பிதான் முதன்மையான வழி. அசின்க்ரனஸ் முறையில் இயங்கும் யூஎஸ்பி டாக் தன் சொந்த கிளாக்கையே பின்பற்றுகிறது. தனக்கு எந்த வேகத்தில் தரவு வேண்டும் என்பதை அதுவே கணினிக்குத் தெரிவிக்கிறது. கிளாக் டாக்கின் கையில் இருப்பதால் கணினியின் நேரத் தடுமாற்றம் ஒலியைப் பாதிப்பதில்லை. இன்று விற்கப்படும் யூஎஸ்பி டாக்குகளில் பெரும்பாலானவை இந்த வகையே என்றாலும் விவரக்குறிப்பில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். யூஎஸ்பி ஆடியோவின் முதல் தலைமுறை நடைமுறையில் 96 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். இரண்டாம் தலைமுறை 384-க்கும் அதற்கு மேலும் செல்லும், டிஎஸ்டி எனப்படும் ஒரு பிட் ஒலி வடிவக் கோப்புகளையும் ஏற்கும். மேக்கிலும் லினக்ஸிலும் இதற்குத் தனி டிரைவர் தேவைப்படுவதில்லை. விண்டோஸில் 2017-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1703 முதல்தான் இந்த ஆதரவு உள்ளேயே கிடைக்கிறது. அதற்கு முந்தைய கணினி வைத்திருப்பவர்கள், தயாரிப்பாளர் டிரைவர் தருகிறாரா என்பதை வாங்கும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஆனால் அசின்க்ரனஸ் என்பது நேரத்தை மட்டுமே சரிசெய்கிறது. மின் இரைச்சலைத் தடுப்பதில்லை. யூஎஸ்பி கேபிளில் தரவோடு 5 வோல்ட் மின்சாரமும் எர்த்தும் சேர்ந்தே வருகின்றன. கணினியும் ஆம்ப்ளிஃபையரும் இரண்டுமே எர்த் உள்ள பிளக்கில் இணைந்திருந்தால், இந்தக் கேபிள் ஒரு சுற்றுப் பாதையை உருவாக்கி ஸ்பீக்கரில் ரீங்காரத்தைக் கொண்டுவரலாம். இதனால் யூஎஸ்பி உள்ளீட்டை மின்முறையில் தனிமைப்படுத்தியிருக்கும் டாக்குக்கும் தனி மின்வழங்கி கொண்ட டாக்குக்கும் நான் முன்னுரிமை தருவேன். கேபிள் விஷயத்தில், தரமான சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டருக்குள் இருந்தால் போதும். ஹப் வழியாக அல்லாமல் கணினியிலேயே நேரடியாகச் செருகுங்கள்.

தொலைக்காட்சியை இணைக்க ஆப்டிகல் அல்லது எச்டிஎம்ஐ ஏஆர்சி (எச்டிஎம்ஐ கேபிளிலேயே தொலைக்காட்சியின் ஒலியை வெளியே அனுப்பும் வசதி) ஏற்றது. ஏஆர்சி உள்ள டாக்கில் தொலைக்காட்சியின் ரிமோட்டிலேயே ஒலியளவைக் கூட்டிக் குறைக்கலாம் என்பது குடும்பத்தில் பலர் பயன்படுத்தும் அமைப்பில் பெரிய வசதி. ஆப்டிகலில் இந்த வசதி பொதுவாகக் கிடைக்காது. இரண்டு சேனல் இசைக்கு ஏஆர்சியே போதும், அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டுமென்று அதிகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. எந்த வழியானாலும் தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் வெளியீட்டைப் பிசிஎம் (சுருக்கப்படாத ஒலித்தரவு) என்று மாற்றிவிட வேண்டும். ஸ்டீரியோ டாக்குகள் பொதுவாகச் சுருக்கப்பட்ட டால்பி தரவைப் பிரித்தறியாதவை. அதை அனுப்பினால் மௌனமோ பலத்த இரைச்சலோதான் வரும்.

எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டில் வரும் ஏஇஎஸ் இணைப்பு 110 ஓம் கொண்ட ஸ்டுடியோ முறை. அந்த வெளியீடு உள்ள கருவி உங்களிடம் இருந்தால் மட்டுமே அது பயன்படும். ஐஸ்கொயர்எஸ் என்பது பிலிப்ஸ் 1986-இல் சிப்களுக்கிடையே பேசுவதற்காக வகுத்தது. கிளாக்கைத் தனிக் கம்பியில் தருகிறது என்பது அதன் சிறப்பு. ஆனால் எச்டிஎம்ஐ சாக்கெட் வழியாக அதை வெளியே கொண்டுவரும்போது எந்த முனையில் எது என்பதற்குப் பொதுவான விதி இல்லாததால், இரு கருவிகளும் ஒரே அமைப்பைப் பின்பற்றுகின்றனவா என்று தெரியாமல் வாங்கக் கூடாது. எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) வட்டுகள் வைத்திருப்பவர்கள், அவற்றின் டிஎஸ்டி அடுக்கைப் பிளேயர்கள் கோஆக்சியலிலோ ஆப்டிகலிலோ வெளியே விடுவதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ப்ளூடூத் வசதிக்காக மட்டும்: சிடியின் தரவு வேகம் நொடிக்கு 1,411 கிலோபிட், ப்ளூடூத்தின் உயர்தர முறைகளில் ஒன்றான எல்டாக்கின் உச்சமோ 990.

கேபிளை மாற்றும்போதும் உள்ளீட்டை மாற்றும்போதும் ஒலியளவைக் குறைத்துவிடுங்கள். இணைத்த பிறகு 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பு ஒன்றையும் 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பு ஒன்றையும் இயக்கி, டாக்கின் திரையில் அல்லது விளக்கில் அந்தந்த எண் மாறி வருகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் 48 என்றே காட்டினால், இயங்குதளத்தின் மிக்ஸர் இடையில் சாம்ப்ளிங் வேகத்தை (நொடிக்கு எத்தனை மாதிரிகள் என்பதை) மாற்றுகிறது என்று பொருள். விண்டோஸில் இசைச் செயலியின் அமைப்பில் அந்த மிக்ஸரைத் தவிர்த்து டாக்குக்கு நேரடியாக அனுப்பும் வாசபி எக்ஸ்க்ளூசிவ் அல்லது ஏஎஸ்ஐஓ முறையைத் தேர்ந்தெடுத்தால் இது நீங்கும். அடுத்து, பாட்டை நிறுத்திவிட்டு ஒலியளவைச் சற்று உயர்த்தி ஸ்பீக்கரின் அருகே கேளுங்கள். ரீங்காரம் இருந்து, மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியதும் அது நின்றுவிட்டால், எர்த் சுற்றுதான் காரணம். அந்தக் கணினியில் ஆப்டிகல் வெளியீடு இருந்தால் அதற்கு மாறுங்கள், இல்லையென்றால் டாக்குக்கு முன்னால் மின் தொடர்பைத் துண்டிக்கும் ஒரு யூஎஸ்பி ஐசொலேட்டர் சேர்க்கலாம், அது உங்களுக்கு வேண்டிய சாம்ப்ளிங் வேகத்தைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும்.