நடக்கும்போது கேள்வி கேட்காதீர்கள்: பார்க்கின்சன் உள்ள பெரியவர்கள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த நோயைப் பற்றிய முதல் தவறைச் செய்தவர் ஜேம்ஸ் பார்க்கின்சனேதான். 1817-ல் லண்டனில் இருந்து அவர் எழுதிய கட்டுரை நடுக்கத்தையும் கூனிய நடையையும் அருமையாக விவரித்தது. ஆனால் புலன்களுக்கும் அறிவுக்கும் பாதிப்பு இல்லை என்றும் எழுதிவிட்டார். மருத்துவம் அதை எப்போதோ திருத்திக்கொண்டது. நம் வீடுகளில்தான் இன்னும் திருத்தவில்லை. கை நடுங்கினால் பார்க்கின்சன், மறதி வந்தால் 'வயசாயிடுச்சு' என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறோம். பெரும்பாலான தவறுகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

நமக்கு நடை தானாக நடக்கிறது. அடுத்த காலை எங்கே வைப்பது என்று யாரும் யோசிப்பதில்லை. மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் (உடல் அசைவைச் சீராக்கும் ரசாயனம்) சுரக்கும் செல்கள் அழியத் தொடங்கியதும் அந்தத் 'தானாக' போய்விடுகிறது. ஒவ்வோர் அடியையும் கவனம் வைத்து எடுக்க வேண்டியிருக்கிறது. அதே கவனம்தான் பெயரை ஞாபகப்படுத்தவும், கேள்விக்குப் பதில் தேடவும் வேண்டும். ஒரே சம்பளத்தில் இரண்டு வீட்டுக்கு வாடகை கட்டுவதுபோல, ஒன்றைக் கட்டினால் மற்றது பாக்கி.

செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் சித்தப்பாவைப் பார்த்தால் இது புரியும். கூடத்தில் தனியாக நடந்தால் குறை சொல்ல முடியாது. கையில் மைலோ கோப்பையோடு அடுப்படி வாசலைத் தாண்டும் நேரத்தில் உள்ளேயிருந்து மகள், "அப்பா, தம்பி எத்தனை மணிக்கு வர்றேன்னு சொன்னான்?" என்று கேட்டால் போதும். அடிகள் குறுகும், பாதம் தரையில் ஒட்டிக்கொள்ளும். உடம்பு மட்டும் முன்னால் சாயும். விரல்கள் கோப்பையை இறுக்கிப் பிடிக்கும். பதிலும் வராது, காலும் நகராது. இப்போது அந்த வீட்டில் ஓர் ஒழுங்கு வந்திருக்கிறது. அவர் உட்கார்ந்த பிறகுதான் யாரும் கேள்வி கேட்பார்கள். மைலோவை வேறொருவர் மேசைக்குக் கொண்டுவந்துவிடுவார்.

கால் இப்படி உறைந்து நிற்கும்போது கையைப் பிடித்து இழுப்பது அடுத்த தவறு. அன்பில் செய்வதுதான், ஆனால் மேல்பாதி வந்து கால் வராவிட்டால் விழ வேண்டியதுதான். இழுக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். முதலில் முழுதாக நிற்கட்டும். எடையை இடது, வலது என்று மாற்றிப் பார்க்கட்டும். அப்புறம் 'ஒன்று, இரண்டு' என்று தாளமாக எண்ணலாம். அல்லது உங்கள் பாதத்தை அவருக்கு முன்னால் குறுக்கே வைத்து, அதைத் தாண்டச் சொல்லலாம். தானாக வராத அடி, தாண்டுவதற்கு ஒரு கோடு தெரிந்தால் பலருக்கு வந்துவிடுகிறது. சித்தப்பா வீட்டு வாசலில் தரையில் குறுக்காக மஞ்சள் டேப் ஒட்டியிருப்பது இதற்காகத்தான். சிலருக்குக் கோடு உதவும், சிலருக்குத் தாளம். எது ஒத்துவருகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழலாமல், அரைவட்டமாக நடந்து திரும்பச் சொல்லுங்கள்.

அவசரப்படுத்துவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோலாலம்பூரில் வெளியே கிளம்பினாலே அவசரம்தான். கேஎல் சென்ட்ரலில் லிஃப்ட் கதவு திறந்திருக்கிறது, உள்ளே ஆட்கள் காத்திருக்கிறார்கள், "சீக்கிரம் வாங்க தாத்தா" என்கிறோம். குறுகிய வாசல், நேர நெருக்கடி, பின்னால் கூட்டம் என்று கால் உறைவதற்கான காரணங்கள் எல்லாம் அங்கே ஒன்றாகக் கூடிவிடுகின்றன. அந்த லிஃப்டை விட்டுவிடுங்கள், அடுத்தது வரும். பிரிக்பீல்ட்ஸ் அஞ்சடியில் (கடைகளின் முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதையில்) கடைக்குக் கடை தரை ஏறி இறங்கும் இடங்களில் பேச்சை நிறுத்திவிட்டு நடப்பது நல்லது. இன்னொரு வேடிக்கை: சமதரையில் நகராத கால் படிக்கட்டில் சரளமாக ஏறுவதும் உண்டு. ஒவ்வொரு படியின் விளிம்பும் ஒரு கோடுதானே! அதற்காகப் பத்துமலையின் 272 படிகளுக்குக் கூட்டிப் போகச் சொல்லவில்லை. இறங்குவது வேறு கதை.

மறதியைப் பற்றி வருவோம். விருந்தினர் வந்ததும் "நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. பார்க்கின்சனில் பலருக்கு நினைவு அழிந்துவிடுவதில்லை. உள்ளே இருப்பதைத் தேடி எடுப்பதுதான் தாமதமாகிறது. ஒரு பிடி கொடுத்தால் எடுத்துவிடுவார்கள். "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்பதற்குப் பதில் "தோசையா, ரொட்டி சானாயா?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். மூன்றாவது நொடியில் வேறொருவர் முந்திக்கொண்டு பதில் சொல்வதுதான் பல வீடுகளில் நடக்கிறது. கிளினிக்கிலும் இதே கதை. டாக்டர் பெரியவரைக் கேட்பார், மகன் பதில் சொல்வார். முகத் தசைகள் இறுகி உணர்ச்சி தெரியாமல் போவதும், குரல் தணிந்துவிடுவதும் நோயின் பகுதி. அதைப் பார்த்துவிட்டு 'இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை' என்று முடிவு கட்டுவது அநியாயம்.

மாத்திரை விஷயத்தில் வரும் தவறுகள் கொஞ்சம் ஆபத்தானவை. பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான லெவோடோபா (மடோபார், சினிமெட் போன்ற பெயர்களில் வருவது) குடலில் புரதத்தோடு போட்டி போட்டுத்தான் உடலுக்குள் போக வேண்டும். முட்டையும் நெத்திலியும் வைத்த நாசி லெமாக்கோடு, பால் கலந்த மைலோவை ஊற்றி விழுங்கினால் சிலருக்கு மருந்து சரியாக வேலை செய்யாது. பசியாறுவதற்கு அரை மணி நேரம் முன்பு வெறும் தண்ணீரில் போடுவதே பொதுவான வழி. குமட்டினால் இரண்டு கிராக்கர் பிஸ்கட் போதும். இரும்புச்சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்துப் போடக்கூடாது. மருந்தின் வீரியம் இறங்கிய நேரத்தில் காலும் மந்தம், புத்தியும் மந்தம். அந்த நேரத்தில் பேங்க் பாரத்தில் கையெழுத்து வாங்கப் பார்க்காதீர்கள். விரதம் என்று சொல்லி மாத்திரையைத் திடீரென நிறுத்தவே கூடாது. உடல் விறைத்துக் கடும் காய்ச்சலோடு உயிருக்கே ஆபத்தாகலாம்.

வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு, தலைசுற்றலுக்குக் கொடுக்கும் புரோகுளோர்பெரசின் இரண்டும் டோபமைனைத் தடுப்பவை. எனவே பக்கத்துக் கிளினிக்குக்குப் போனாலும் பார்க்கின்சன் இருப்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தூக்கம் வரவைக்கும் பழைய சளி மாத்திரைகளும், நடுக்கத்துக்குக் கொடுக்கும் டிரைஹெக்ஸிஃபெனிடிலும் வயதானவர்களின் ஞாபகத்தைக் குழப்பக்கூடியவை. ஏற்கெனவே சாப்பிட்டு வந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள். 'இயற்கைதானே' என்று பூனைக்காலி விதைப் பொடியை மாத்திரையோடு சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த விதையில் இருப்பதும் லெவோடோபாதான். அளவு தெரியாமல் இரட்டிப்பாகப் போகும்.

அப்புறம், மூலையில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது, கட்டிலடியில் பூனை ஓடுகிறது என்று பெரியவர் சொன்னால் தாயத்துக்கு ஓட வேண்டாம். கோயிலுக்குப் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் டாக்டருக்குப் பிறகு போங்கள். இல்லாதது கண்ணுக்குத் தெரிவது இந்த நோயிலும் வரும், மருந்தாலும் வரும். மருந்தைச் சரிசெய்தால் குறைவதும் உண்டு. ஒன்றிரண்டு நாளில் திடீரென்று ஆளே மாறிக் குழம்பினால், அதை நோய் முற்றிவிட்டதாக எடுத்துக்கொள்ளக்கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காதது என்று தீர்க்கக்கூடிய காரணம் பெரும்பாலும் இருக்கும். அன்றைக்கே காட்டுங்கள்.

கடைசியாக, 'விழுந்திடுவார், பாவம்' என்று நாற்காலியிலேயே உட்காரவைப்பது. 2012-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் தாய்ச்சி பயின்ற பார்க்கின்சன் நோயாளிகளின் உடல் சமநிலை மேம்பட்டது, வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிடக் குறைவாகவே விழுந்தார்கள். சீனர்கள் காலையில் பூங்காவில் செய்வதாயிற்றே என்று நம்மவர்கள் ஒதுங்கத் தேவையில்லை. நோய் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு, நடந்துகொண்டே எண்ணுவது, பெயர்கள் சொல்வது போன்ற பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்ட்டுகள் தருவதும் உண்டு. அது அவர்கள் கண்காணிப்பில், பிடிமானம் உள்ள இடத்தில் செய்ய வேண்டியது. அரசாங்க மருத்துவமனை நரம்பியல் பிரிவில் காட்டுபவர்கள், அடுத்த சந்திப்பிலேயே பிசியோதெரபிக்குக் கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.