'வைல்ட் ஸ்ட்ராபெரீஸ்' பார்த்த பிறகு கடனிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்

ஸ்வீடன் இயக்குநர் இங்மார் பெர்க்மன் 1957இல் எடுத்த 'வைல்ட் ஸ்ட்ராபெரீஸ்' படத்தை நண்பரோடு பார்த்தால், முடிந்ததும் பேச்சு நேராக அதில் வரும் கனவுக்குத்தான் போகும். முள் இல்லாத கடிகாரம், சவப்பெட்டியிலிருந்து நீளும் கை. "என்ன அர்த்தம்?" என்பார் ஒருவர். "மரண பயம்" என்பார் மற்றவர். அதோடு பேச்சு நின்றுவிடும். அதனால் கனவைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் கடனைப் பற்றிப் பேசுங்கள்.

எனக்கு இந்த வழியைக் காட்டியவள் வங்கியில் வேலை பார்க்கும் என் தோழி. படத்தில் 78 வயது மருத்துவர் ஈசாக் போர்க், கௌரவப் பட்டம் வாங்க ஸ்டாக்ஹோமிலிருந்து லுண்டுக்குக் காரில் போகிறார். கூடவே மருமகள் மரியான். மகன் எவால்ட் அப்பாவுக்குக் கடனைத் திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கிறான். அப்பாவுக்குப் பணத்தட்டுப்பாடு எதுவும் இல்லை. கொடுத்த வாக்கு வாக்குதான், எவால்டுக்கு அது புரியும், என்னை மதிக்கிறான் என்கிறார் ஈசாக். மதிக்கிறார், ஆனால் வெறுக்கவும் செய்கிறார் என்கிறாள் மரியான்.

இந்த இடத்தை வைத்து, "அப்பா செய்தது தப்பா?" என்று கேளுங்கள். கலைப்படம் என்றாலே ஒதுங்குகிறவரும் இதற்குப் பதில் சொல்வார். அப்பன் பிள்ளைக்கு நடுவில் பணம் என்றால் யாருக்குத்தான் கருத்து இருக்காது?

அடுத்து பெட்ரோல் பங்க் காட்சிக்குப் போங்கள். அங்கே வேலை செய்பவராக நடிகர் மாக்ஸ் வான் சிடோ. அந்த ஊரில் ஈசாக் முன்பு வைத்தியம் பார்த்ததை நினைவில் வைத்து, பெட்ரோலுக்குக் காசு வாங்க மறுக்கிறார். பிறக்கப்போகும் குழந்தைக்கு அவர் பெயரை வைப்பதாகவும் சொல்கிறார். ஊருக்கு அவ்வளவு நல்லவர், வீட்டில் ஏன் இப்படி? இதில் அவசரப்பட்டுப் பதில் தேடாதீர்கள், நண்பர் யோசிக்கட்டும்.

அப்புறம் கடைசி இரவு. படுக்கையில் இருக்கும் ஈசாக் மகனிடம் கடன் பேச்சைத் தயங்கித் தயங்கி எடுக்கிறார். "உங்கள் பணம் வந்துவிடும்" என்கிறான் மகன். "நான் அதைச் சொல்லவில்லை" என்கிறார் அவர். ஈசாக் மாறிவிட்டாரா? மாறிவிட்டார் என்பது என் கட்சி. அன்று முழுவதும் அவர் பட்டதெல்லாம் மகனுக்குத் தெரியாதே! தோழி ஒப்புக்கொள்ளவில்லை. 'கட்ட வேண்டாம்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்றாள். இன்றும் இதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை.

இப்போது கனவுக்கு வரலாம். ஈசாக்குக்குப் பரீட்சை வைக்கும் இன்னொரு கனவில் அவர்மீது குற்றம் சாட்டுபவர் இறந்துபோன மனைவி: அலட்சியம், சுயநலம், பிறரை எண்ணிப் பாராமை. தண்டனை, தனிமை. கடனைப் பேசி முடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

ஒரு தகவலை மட்டும் படத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஈசாக்காக நடித்த விக்டர் ஷோஸ்ட்ரோம் ஊமைப்படக் காலத்துப் பெரிய இயக்குநர். மரணத்தின் வண்டி வரும் 'தி ஃபேன்டம் கேரியேஜ்' என்ற 1921ஆம் ஆண்டுப் படம் அவருடையது. ஈசாக்கின் பழைய காதலி சாராவும், வழியில் காரில் ஏறும் இளம்பெண் சாராவும் பீபி ஆண்டர்சன்தான் என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். நண்பரே கண்டுபிடிக்கட்டும்.