தத்துவம் தேடிப் படம் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஒரு அறிவியல் புனைவுப் படம் கொஞ்சம் பேசப்பட்டால் போதும், அதில் 'மறைந்திருக்கும் தத்துவம்' பற்றிய விளக்க வீடியோக்கள் வரிசைகட்டி வந்துவிடும். பார்த்தால் பெரும்பாலும் ஒரே சரக்குதான்: இந்தப் பாத்திரத்தின் பெயருக்கு இன்ன அர்த்தம், பின்னால் அலமாரியில் தெரிவது இன்ன புத்தகம், நாயகன் சொன்ன வசனம் இன்ன தத்துவவாதியுடையது. தெரிந்துகொள்வதில் தப்பே இல்லை, சுவாரசியமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு படம் உண்மையில் என்ன நினைக்கிறது என்பது அதில் யார் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதற்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதில்தான் தெரியும். வசனத்தையும் அலமாரியையும் நம்பிப் போனால் பல இடங்களில் வழுக்கி விழுவோம். (கீழே பல படங்களின் முடிவுகளைப் போட்டு உடைத்திருக்கிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.)

முதலில் அலமாரி விஷயம். 'தி மேட்ரிக்ஸ்' (1999) படத்தில், இயந்திரங்கள் காட்டும் போலி உலகம் என்று தெரியாமல் அதில் வாழும் நாயகன் நியோ தன் திருட்டு டிஸ்குகளை ஒளித்துவைத்திருப்பது ஒரு புத்தகத்துக்குள். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஜான் போத்ரியார் எழுதிய 'சிமுலாக்ராவும் சிமுலேஷனும்'. உடனே இது போத்ரியாரின் தத்துவத்தைச் சொல்லும் படம் என்று முடிவுகட்டிவிடுகிறோம். அவரோ 2003இல் ஒரு பேட்டியில், இந்தப் படம் தன் கருத்தைத் தவறாகப் புரிந்துகொண்டது, எது நிஜம், எது வெறும் தோற்றம் என்ற பிளேட்டோ காலத்துப் பழைய பிரச்சினையோடு போட்டுக் குழப்பிவிட்டது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நகல்கள் பெருகிப் பெருகி, 'இதுதான் அசல்' என்று விரல் நீட்டிக் காட்ட எதுவுமே மிஞ்சாத நிலையைப் பற்றித்தான் அவர் எழுதினார். மேட்ரிக்ஸிலோ அசல் உலகம் தெளிவாக வெளியே இருக்கிறது. சிவப்பு மாத்திரை போட்டால் விழித்துக்கொள்ளலாம், விழித்தவர்கள் வாழும் கப்பல் இருக்கிறது, சுவையில்லாத கூழ் இருக்கிறது. ஆக, புத்தகம் படத்தில் இருக்கிறது, புத்தகத்தின் கருத்து இல்லை. படத்துக்கு நெருக்கமானவர் 1641இல் 'சர்வ வல்லமையுள்ள ஒரு தீய ஆவி என்னை எல்லாவற்றிலும் ஏமாற்றிக்கொண்டிருந்தால்?' என்று கேட்ட பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த்தேதான்.

அதுவும்கூடப் பாதி உண்மைதான். தெகார்த்தேயின் சந்தேகம் படத்தில் ரொம்ப நேரம் நீடிப்பதில்லை. நியோ விழித்த பிறகு, 'இந்தக் கப்பலும் இன்னொரு மேட்ரிக்ஸாக இருக்கலாமே' என்று யாரும் கவலைப்படுவதில்லை. அப்புறம் படத்தில் உயிரோடு இருக்கும் தத்துவக் கேள்வி ஒன்றே ஒன்று, அதைக் கேட்பவன் வில்லன். நியோவின் கூட்டாளியான சைஃபர், பொய் என்று தெரிந்தே ஒரு ஸ்டேக் துண்டை ரசித்துத் தின்றபடி, தன்னைத் திரும்ப மேட்ரிக்ஸில் போட்டுவிடச் சொல்கிறான், எதுவும் ஞாபகம் இருக்கக் கூடாது என்கிறான். அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1974இல் சொன்ன 'அனுபவ இயந்திரம்' கிட்டத்தட்ட இதுதான்: நீங்கள் விரும்பும் எல்லா அனுபவத்தையும் தரும் இயந்திரம் ஒன்று இருந்தால் வாழ்நாள் முழுக்க அதில் இணைந்துகொள்வீர்களா? மாட்டோம், வெறும் அனுபவத்தைத் தாண்டியும் நமக்கு முக்கியமானவை உண்டு என்பது நோசிக்கின் வாதம்.

இங்கேதான் அடுத்த தவறு. சைஃபர் கெட்டவன், அதனால் அவன் வாதமும் தோற்றுவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். கவனித்துப் பாருங்கள், படம் அவனுக்குப் பதிலே சொல்லவில்லை. அவனைத் துரோகியாக்கி, கூட இருந்தவர்களைக் கொல்லவைத்து, பிறகு சுட்டுத் தள்ளிவிட்டது. யாருக்கும் தீங்கு செய்யாமல், 'எனக்கு இந்தக் கூழும் ஓட்டமும் போதும், நான் திரும்பிப் போகிறேன்' என்று மட்டும் அவன் சொல்லியிருந்தால்? நியோவை விழிக்கவைத்த தலைவர் மார்ஃபியஸ் என்ன பதில் வைத்திருப்பார்? பெரிய படங்கள் சங்கடமான கேள்வியை வில்லன் வாயில் வைத்துவிட்டு, கடைசியில் வில்லனோடு சேர்த்துக் கேள்வியையும் புதைத்துவிடுவது அடிக்கடி நடக்கும். நாம்தான் தோண்டி எடுக்க வேண்டும்.

மேட்ரிக்ஸ் என்றதும் நம் பக்கத்தில் வரும் இன்னொரு வாக்கியம், 'இதைத்தான் நம்ம ஆட்கள் அப்பவே மாயைன்னு சொன்னாங்க'. மூன்றாம் பாகத்தின் முடிவில் ஓடும் பாடலில் 'அஸதோ மா ஸத் கமய' என்ற பிருகதாரண்யக உபநிடத வரி வருவதால் இந்த வாதத்துக்குத் தெம்பு வேறு கூடிவிட்டது. ஒப்பிடுங்கள், ஆனால் வித்தியாசத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேட்ரிக்ஸ் என்பது சில இயந்திரங்கள் ஒரு காரியத்துக்காகக் கட்டிய ஏமாற்று வேலை. அதிலிருந்து தப்பிப்பவன் போய்ச் சேர்வது பசியும் துப்பாக்கியும் உள்ள இன்னொரு பௌதிக உலகத்துக்கு. அத்வைதத்தில் இப்படித் தப்பித்துப் போய் இறங்க ஒரு பக்கத்து உலகம் கிடையாது, பார்ப்பவன் தனி பார்க்கப்படுவது தனி என்கிற பிரிவே அங்கே கேள்விக்குள்ளாகிறது. சங்கரர் பார்வையில் அந்தக் கப்பலும் மாயையில் சேர்த்திதான்.

சரி, ரோபோ படங்களுக்கு வருவோம். 'எக்ஸ் மெஷினா'வைப் பற்றிப் பேசும்போது, அதில் வரும் பெண் ரோபோ ஏவா, இயந்திரம் மனிதனைப் போலப் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் டூரிங் சோதனையில் வென்றுவிட்டாள் என்று பலர் எழுதுகிறார்கள். ஆலன் டூரிங் 1950இல் எழுதிய கட்டுரையில் கேள்வி கேட்பவர் எதிர்ப்பக்கம் இருப்பதைப் பார்க்கவே முடியாது, தட்டச்சு செய்த பதில்கள் மட்டும்தான் கைக்கு வரும். படத்தில் ஏவா இயந்திரம் என்பது முதல் நொடியிலிருந்தே தெரியும், வயிற்றுக்குள் ஓடும் ஒயர்கள்கூடத் தெரியும். அதை அறிந்த பிறகும் அவளுக்குத் தன்னுணர்வு இருப்பதாகக் சோதிக்க வந்த இளைஞன் கேலப் நம்புவானா என்பதுதான் அவளை உருவாக்கிய நேதன் முதலில் சொல்லும் சோதனை. கடைசியில் வெளிவரும் அசல் சோதனை இன்னும் குரூரமானது, தப்பிப்பதற்காக ஏவா கேலப்பை ஒரு கருவியாகப் பயன்படுத்துவாளா என்று பார்ப்பது. அதில் அவள் வென்றதால் அவள் கெட்டிக்காரி என்று தெரிகிறது. உள்ளுக்குள் எதையாவது உணர்கிறாளா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாக்குவதுதான் ரோபோ படங்களைப் பேசும்போது நடக்கும் தவறுகளிலேயே பெரியது. படத்துக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஃப்ராங்க் ஜாக்ஸன் 1982இல் எழுதிய 'மேரியின் அறை'யை, நிறத்தைப் பற்றி எல்லாம் படித்தும் நிறத்தையே பார்க்காமல் கறுப்பு வெள்ளை அறைக்குள் இருக்கும் விஞ்ஞானியின் கதையை, கேலப் ஏவாவிடமே சொல்கிறான்.

இதில் யாரும் அதிகம் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஏவாவாக நடிப்பவர் ஒரு மனுஷி. அவர் கண் கலங்கினால் நம் மூளை அங்கே ஒரு மனம் இருப்பதாக எழுதிக்கொள்கிறது, தத்துவத்துக்கு அங்கே வேலையே இல்லை. 'ஹெர்' (2013) படம் இன்னும் நல்ல உதாரணம். அதில் தியடோர் காதலிக்கும் மென்பொருளின் பெயர் சமந்தா. படப்பிடிப்பில் அதற்குக் குரல் கொடுத்தவர் நடிகை சமந்தா மார்ட்டன். படத்தொகுப்பு வேலை நடந்தபோதுதான் ஸ்கார்லெட் ஜோஹான்ஸனைக் கொண்டுவந்து குரலை மாற்றினார்கள். மூச்சு வாங்கும், தயங்கும், சிரிக்கும் ஒரு மனிதக் குரலைக் கேட்டுவிட்டு, இந்த மென்பொருளுக்கு உணர்வு இருக்கிறது என்று நாம் நம்பினால், நம்பவைத்தது குரல்தானே? தட்டையான இயந்திரக் குரலில் அதே வசனங்களைக் கேட்டிருந்தால் தியடோரைக் காதலன் என்று நினைத்திருப்போமா, பாவம் தனிமையில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்போமா? தன்னுணர்வு பற்றிய எந்தப் படத்தையும் இந்தச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. நடிகரைத் தேர்வு செய்தபோதே பாதி விடை எழுதப்பட்டுவிட்டது.

வசனத்தை நம்பக் கூடாது என்பதற்கு 'எந்திரன்' (2010) போல ஒரு உதாரணம் கிடைக்காது. 2030இல் அருங்காட்சியகத்தில் கழற்றிவைக்கப்பட்ட சிட்டியிடம் ஒரு மாணவி காரணம் கேட்க, தான் சிந்திக்க ஆரம்பித்ததுதான் காரணம் என்று சிட்டி சொல்லும். கைதட்டல் வாங்கும் முடிவு. ஆனால் கதையில் நடந்தது அதுவா? சிட்டிக்கு உணர்வு வந்தது, காதலும் பொறாமையும் வந்தன, அப்புறம் போரா என்கிற மனிதர் ஒரு சிவப்பு சிப்பைச் செருகினார். ஊரை அழித்தது அந்த சிப். அதை எடுத்த பிறகு சிட்டி யாருக்கும் ஆபத்தில்லாத நிலையில்தான் இருக்கிறது, அப்போதுதான் அதைக் கழற்றச் சொல்லித் தீர்ப்பு வருகிறது. சிப்பைச் செருகியவன் குற்றத்துக்கு இயந்திரம் தண்டனை வாங்குவது சரியா என்பதுதான் கதை உண்மையில் எழுப்பும் கேள்வி. கடைசி வசனம் அதை அழகாக மூடிவிடுகிறது.

அந்தப் படத்தின் ஆழமான இடம் என்று கேட்டால் தீ விபத்துக் காட்சியைத்தான் சொல்வேன். குளித்துக்கொண்டிருந்த பெண்ணை சிட்டி ஆடையில்லாமல் அப்படியே தூக்கி வந்து கேமராக்கள் முன் நிறுத்த, அவள் அவமானம் தாங்காமல் ஓடி வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். உயிரைக் காப்பாற்று என்ற கட்டளை நூற்றுக்கு நூறு நிறைவேறியது. கட்டளையின் நோக்கம் செத்துப்போனது. விதிகளை மட்டும் வைத்து ஒழுக்கத்தைக் கட்ட முடியுமா என்று தத்துவத்தில் நடக்கும் சண்டையை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய காட்சிகள் குறைவு. விளக்க வீடியோக்களில் எழுத்தாளர் ஆசிமோவ் ரோபோக்களுக்கு வகுத்த மூன்று விதிகள் வரும், இந்தக் காட்சி வராது.

எதிர்காலம் தெரிவதைப் பற்றிய படங்களில் வேறு மாதிரிக் குழப்பம். எதிர்காலம் தெரிந்தாலே விதி, சுயவிருப்பம் கிடையாது என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். 'மைனாரிட்டி ரிப்போர்ட்'டில் (2002) தெரிவது யாரும் தலையிடாவிட்டால் என்ன நடக்கும் என்பது. அதனால்தான் தன் எதிர்காலத்தைப் பார்த்துவிட்ட ஆண்டர்டன், பழிவாங்கச் சுட வேண்டிய நேரத்தில் சுடாமல் கைது செய்யப் பார்க்கிறான். 'டெர்மினேட்டர்' (1984) கதையில் கடந்த காலத்துக்கு அனுப்பப்பட்டவனே, தன்னை அனுப்பிய ஜான் கானரின் அப்பா ஆகிறான், அதாவது எதையும் மாற்ற முடியாத வளையம். 1991இல் வந்த இரண்டாம் பாகமோ விதியென்று ஒன்றில்லை என்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் காலத்தின் விதிமுறை வேறு. அதைக் கண்டுபிடிக்காமல் விவாதத்தில் இறங்கினால் ஆளுக்கொரு விளையாட்டை ஆடிக்கொண்டிருப்போம்.

'அரைவல்' (2016) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேற்றுக்கிரகவாசிகளின் மொழியைக் கற்றதால் தன் எதிர்காலமும், பிறக்கப்போகும் மகளின் சாவும் தெரிந்துவிட்ட ஒரு மொழியியலாளரின் கதை அது. மொழி சிந்தனையை மாற்றும் என்ற சபீர்-வோர்ஃப் கருத்தைப் படம் 'நிரூபிக்கிறது' என்று எழுதுபவர்கள் உண்டு. படம் எதையும் நிரூபிக்காது, அது ஒரு கற்பனை. மொழிதான் சிந்தனையின் எல்லையைத் தீர்மானிக்கிறது என்ற கடுமையான வடிவத்தை மொழியியலாளர்கள் இன்று பெரும்பாலும் ஏற்பதில்லை, லேசான தாக்கம் உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு இதைவிடச் சுவாரசியம் வேறொன்று. டெட் சியாங்கின் மூலக்கதையில் (1998) மகள் 25 வயதில் மலையேறும்போது விபத்தில் இறக்கிறாள். படத்தில் பதின்வயதில், தீராத நோயில் இறக்கிறாள். சின்ன மாற்றம் போலத் தெரியும், ஆனால் தத்துவமே இடம் மாறிவிட்டது. விபத்து என்றால் 'இன்றைக்குப் போகாதே' என்று ஒரு வார்த்தை போதும், அம்மா ஏன் சொல்லவில்லை? அதற்கு விடை தரத்தான் சியாங் இயற்பியலையும் மொழியையும் சுயவிருப்பத்தையும் இழுத்துக் கட்டுகிறார். நோய் என்றால் எச்சரிக்க எதுவும் இல்லை. மிஞ்சுவது ஒரே தேர்வு: இப்படி முடியும் என்று தெரிந்தும் இந்தக் குழந்தையைப் பெற்றுக்கொள்வதா? கதை கேட்பது சுயவிருப்பம் உண்டா என்று, படம் கேட்பது ஒரு வாழ்க்கை வாழத் தகுந்ததா என்று. மூலக்கதையைப் படித்தவர்கள் படத்துக்கும் அதே விடையைப் பொருத்தப் போய்ச் சிக்கிக்கொள்கிறார்கள்.

கடைசியாக, புதிர் தீர்க்கும் வியாதி. 'பிளேட் ரன்னர்' பற்றிப் பேச்செடுத்தால் நாயகன் டெக்கார்ட் மனிதனா, ரெப்ளிகன்ட் என்னும் செயற்கை மனிதனா என்பதிலேயே பொழுது போய்விடும். இயக்குநர் ரிட்லி ஸ்காட் ரெப்ளிகன்ட் என்கிறார், நடித்த ஹாரிசன் ஃபோர்டு மனிதன் என்று வாதாடியிருக்கிறார். இயக்குநர் சொல்வது தீர்ப்பு இல்லை, அதுவும் ஒரு வாசிப்புதான். நான் ஃபோர்டு பக்கம். யாருக்கு இரக்கம் இல்லையோ அது மனிதன் இல்லை என்று சோதனை வைத்து ஆள் பிடிக்கும் ஒருவன், உயிருக்குப் பயந்து ஓடும் பெண்ணை முதுகில் சுடுகிறான். சாகப்போகும் ரெப்ளிகன்ட் ஒருவனோ அவனைக் கைப்பிடித்துத் தூக்கிக் காப்பாற்றுகிறான். டெக்கார்ட் மனிதனாக இருந்தால்தான் இது உறைக்கும். அவனும் ரெப்ளிகன்ட்தான் என்றால் இது இரண்டு ரெப்ளிகன்டுகளுக்கு இடையே நடந்த விவகாரமாகிவிடும், நாம் தப்பித்துவிடுவோம். அப்புறம், சண்டை போடும் முன் எதிராளி எந்தப் பதிப்பைப் பார்த்தார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1982இல் வந்ததில் பின்னணிக் குரலும், 'தி ஷைனிங்' படத்துக்காக எடுத்து மிஞ்சிய மலைக் காட்சிகளை ஒட்டிய சுப முடிவும் உண்டு. 1992 பதிப்பில் அதெல்லாம் போய், டெக்கார்ட் ரெப்ளிகன்ட் என்பதற்கு ஆதாரமாகப் பலர் காட்டும் யூனிகார்ன் (ஒற்றைக் கொம்புக் குதிரை) கனவு வந்தது. 2007 பதிப்பிலும் அந்தக் கனவு உண்டு. முதல் பதிப்பை மட்டும் பார்த்தவருக்கு உங்கள் யூனிகார்ன் வாதம் ஒன்றுமே புரியாது.