கோலியாத் சிலந்தி விஷயத்துல அடிக்கடி நடக்கற தப்புங்க

கோலியாத் பேர்டு ஈட்டர் (தென் அமெரிக்காவுல இருக்கற ராட்சச டரான்டுலா, அதாவது முடி அடர்ந்த பெரிய சிலந்தி, பேருக்கு அர்த்தம் 'பறவை தின்னி') வீடியோ எதைத் தொறந்தாலும் கீழ ஒருத்தர் "நாய்க்குட்டி சைஸ்ல இருக்கும்"னு எழுதிடறாரு. இது 2014ல நியூஸ் சைட்டுங்க கெளப்பிவிட்டது. பியோட்டர் நாஸ்கிரெக்கினு ஒரு பூச்சி ஆராய்ச்சியாளர், கயானா காட்டுல ராத்திரி இதைப் பார்த்ததைப் பத்தி எழுதினாரு, அவர் நாய்க்குட்டியோட ஒப்பிட்டது எடையை, சுமார் 170 கிராம், தலைப்பு வச்சவங்கதான் அதை சைஸ் ஆக்கிட்டாங்க. காலெல்லாம் விரிச்சா 30 செ.மீ. வரும், அதுவே பெருசுதான், இதுக்கு மேல எதுக்கு பில்டப்பு?

பேரை வச்சு, குருவி தின்னுதான் உயிர் வாழுதுன்னு நம்பறது அடுத்த தப்பு. 1705ல மரியா சிபில்லா மேரியன்னு ஒரு ஓவியர் போட்ட சூரினாம் படத்துல ஒரு சிலந்தி ஹம்மிங்பேர்டைத் தின்னுட்டு இருக்கும், ஆனா அது மரத்துல வாழற வேற இனம். கோலியாத் தரையில வளைக்குள்ள இருக்கற ஆளு. மண்புழு, பூச்சி, சில சமயம் தவளை, இதுதான் சாப்பாடு.

பெரிய தப்பு எதுன்னா பல்லைப் பார்த்து பயந்துட்டு பின்பக்கத்தை மறந்துடறது. கடிச்சா வலிக்கும்தான், பெரும்பாலும் குளவி கொட்டின அளவுக்கு, ஆனா அது மொதல்ல பண்றது பின்னங்காலால வயித்து மேல இருக்கற முள்ளு மாதிரி முடியைத் தேச்சு காத்துல பறக்கவிடறதுதான். அது தோல்ல பட்டா அரிப்பு உயிரை வாங்கும், கண்ணுல போச்சுன்னா கசக்கவே கூடாது, தண்ணி ஊத்திக் கழுவிட்டு நேரா கண் டாக்டர்கிட்ட போகணும். போட்டோக்காக குச்சியால நோண்டறவங்க மூஞ்சிய கிட்ட கொண்டு போறாங்க பாருங்க, அதைப் பார்த்தாதான் எனக்கு பக்குனு இருக்கும். புஸ்ஸுனு சத்தம் வந்தாலே தள்ளிப் போயிடுங்க, அது கால்முடியை ஒண்ணோட ஒண்ணு உரசி விடற வார்னிங்.

வெளிநாட்டுல வளர்க்கறவங்க சொதப்பறது இருப்பிடத்துல. வெனிசுலா, கயானா, சூரினாம், பிரெஞ்ச் கயானா, வடக்கு பிரேசில்னு இது இருக்கறதெல்லாம் ஈரம் சொட்டற தாழ்வான மழைக்காடு, சதுப்பு ஓரம். அதைக் கொண்டாந்து காஞ்ச மண்ணுல, உயரமான தொட்டியில விட்டா ஏறி விழுந்து வயிறு கிழிஞ்சே செத்துடும். ஈரம் வேணும்னு காத்து போகாம மூடி வைக்கறதும் தப்பு, பூஞ்சை புடிக்கும். மல்லாக்க கெடந்தா செத்துடுச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க, தோல் உரிக்குது, அந்த நேரத்துல உயிரோட இரையும் போடாதீங்க, இரையே அதைக் கடிச்சு வச்சிடும்.

இதெல்லாம் படிச்சிட்டு நம்ம மேற்குத்தொடர்ச்சி மலையில டரான்டுலா பார்த்தா இதே கணக்குப் போட்டுடாதீங்க. இங்க மரப்பொந்துல இருக்கற பொயிசிலோதீரியா வகைக்கு அந்த முடி ஆயுதமே கிடையாது, அதனால நேரா ஓடும் இல்ல கடிக்கும், கடிச்சா தசை இழுத்துப் புடிச்சு நாள் கணக்குல படுத்தும்.